நாலு நாள் கடற்கரை

"தோசையைக் கல்லுல இருந்து சுடச்சுட எடுத்துத் தருவாங்களா, இல்ல முன்னாடியே சுட்டு அடுக்கி வச்சிருவாங்களா அண்ணே?"

அசோக்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுரை பைபாஸ் சாலையில் பதினைந்து வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறார். ரிசார்ட்டுக்குப் போகிறவர்கள் நீச்சல் குளம் உண்டா என்பார்கள், தள்ளுபடி உண்டா என்பார்கள். தோசையைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.

"சுடச்சுடத்தான் டீச்சர். மூணு வேளைச் சாப்பாடு, சாயந்திரம் பலகாரம், படகு சவாரி எல்லாம் பேக்கேஜுக்குள்ளயே வந்துரும்."

"அதான் வேணும். சாப்பாட்டுக்குன்னு யாரும் வெளிய அலையக் கூடாது."

நாகமலை புதுக்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஸ்ரீலக்ஷ்மி, இதற்காகவே அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"சின்னவளுக்கு ஆறிப்போன தோசை இறங்காது. வேர்க்கடலை வாயில பட்டாலே உடம்பெல்லாம் தடிச்சிரும். சமையல்காரர்கிட்ட நீங்களே பேசிச் சொல்லிருங்க."

அவர் குறித்துக்கொண்டு, கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். "இது மாமல்லபுரத்துப் பக்கம். ரூம்ல இருந்து இறங்கினா மணல்தான்."

"இது வேணாம். மூணு வருஷத்துக்கு முன்னாடி போன இடம்." படத்தை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்து வர்க்கலா பக்கம் ஒன்றைக் காட்டினார். அதை வெகு நேரம் பார்த்தாள்.

"கடல்ல குளிச்சிட்டு ஏறினா நல்ல தண்ணிக் குழாய் பக்கத்துலயே இருக்கா? பெரியவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. உப்பு காஞ்சா சிக்கு விழுந்துரும். யாரையும் சீவ விட மாட்டா."

"இருக்கு டீச்சர்."

"அவளுக்கு ஜன்னல் ஓரமாத் தனிக் கட்டில் வேணும். பதிமூணு வயசாச்சு. திடீர்னு அழுகை வந்தா போர்வையை இழுத்து மூடிக்குவா. அந்நேரம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது."

அசோக்குமார் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் இரண்டு பெண்கள். எவள் எப்போது அழுகிறாள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

"பெத்த தாயாலதான் இம்புட்டும் யோசிக்க முடியும்" என்றார் மனதார.

ஸ்ரீலக்ஷ்மி பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"இன்னொண்ணு. புருஷன் பொஞ்சாதிக்குன்னு மணல்ல மேசை போட்டு ஒருநாள் தனியா விருந்து தாராங்க. அதுவும் இதுலயே சேர்த்தி."

"அது வேணாண்ணே. அதுக்குப் பதிலா டால்பின் பார்க்கக் கூட்டிட்டுப் போவாங்களான்னு கேட்டுப் பாருங்க. சின்னவ அதையே சொல்லிக்கிட்டிருக்கா."

"கேட்டுருவோம். அப்ப நாலு பேருக்குப் போட்டுறவா?"

"மூணு பேருக்கு."

"சார் வரலையா?"

"அவரு போறாரு. நான்தான் போகல."

விசைப்பலகையில் அவர் விரல் நின்றது. "என்ன டீச்சர் இது! இம்புட்டு பார்த்துப் பார்த்துச் செஞ்சிட்டு... லீவு கிடைக்கலையா?"

"லீவெல்லாம் இருக்கு." அவள் குரல் தணிந்தது. "இடத்தைத் தேடிப் பிடிச்சது அவருன்னுதான் வீட்ல சொல்லப்போறோம். நீங்க போன் பண்ணினா என் பேரை மட்டும் எடுத்துறாதீங்க அண்ணே."

"ஏம்மா?"

"நான் பார்த்த இடம்னு தெரிஞ்சா பிள்ளைங்க ரெண்டு பேரும் கிளம்ப மாட்டாங்க. அவங்க அம்மா தவறி இன்னும் ரெண்டு வருஷம்கூட முடியல. நான் அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாசந்தான் ஆச்சு."