கடைசிக் கண்ணி

இருபத்தாறு வருடம் நகராட்சி விழா மேடைகளில் சால்வைத் தட்டு ஏந்தி நின்றவள் செண்பகவல்லி. தட்டேந்த வேறு ஆளில்லை என்று அவளுடைய பிரிவு உபசார விழாவை மட்டும் தள்ளிவைத்துக்கொண்டே போனார்கள். அவள் காத்திருக்கவில்லை. ஒரு குரோஷா ஊசியும் நாவல்பழ நிற நூலும் வாங்கிவந்து, எண்பது கண்ணிகளோடு தனக்கொரு சால்வையைத் தொடங்கினாள். பின்னப் பின்ன அது சிறுத்துக்கொண்டே வந்ததை நூலின் குணம் என்று நினைத்தாள். எண்பதாவது வரிசையில் ஒரே ஒரு கண்ணிதான் மிஞ்சியது.

பக்கத்து வீட்டு ரெஜினா வாங்கிப் பார்த்தாள். "அக்கா, ஒவ்வொரு வரிசையிலயும் கடைசிக் கண்ணியை விட்டுட்டீங்க. அதான் முக்கோணமாப் போச்சு. பிரிச்சிருவோமா?"

"ஓரத்துல நின்னா யாரு கண்ணுலயும் படாது ரெஜினா. எனக்குத் தெரியாதா? இருக்கட்டும்."

மேடையில் விருந்தினர்கள் தங்கள் தோளில் சால்வை விழுந்த மறுநொடியே கழற்றிப் பின்னால் நீட்டிவிடுவார்கள். அப்படி நீட்டியதையெல்லாம் வாங்கி மடித்தவள் அவள்தான்.

மறுநாள் சித்திரை வெயிலில், முக்கோணத்தின் முனை முதுகில் ஆட, ரேஷன் கடைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"வேகலையாம்மா? அதைக் கழட்டிட்டு நிக்கக் கூடாதா?" என்றார் முன்னால் நின்றவர்.

செண்பகவல்லி சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கழட்டினா வாங்கி மடிக்கிற ஆளு ரிட்டயர் ஆயிட்டாங்க."