வினிகருக்குப் பின்னால் வரும் ஜாங்கிரி

“நீ வந்த நாளிலிருந்து என்னை யாரும் தொடுவதே இல்லை. நீ வந்த நாளிலிருந்து என்னை யாரும் தொடுவதே இல்லை.”

சாப்பாட்டு மேஜை மேல் சர்க்கரை மாத்திரை அட்டை இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து மாத்திரையில் எட்டு அப்படியே புடைத்துக்கொண்டு நின்றன.

“நான் என்னம்மா செய்யட்டும்?” என்றது ஆப்பிள் சைடர் வினிகர் பாட்டில். “கடையில் சாலட் சாமான்களோடு சும்மா நின்றேன். இந்த அருமைநாயகம் சார் வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டு என்னை டாக்டராக்கிவிட்டார்.”

“டாக்டர் என்றால் வைத்தியம் பாரேன்.”

“எங்கே பார்ப்பது? காலையில் என்னைத் தண்ணீரில் கலந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறார். புளிப்பு போக உடனே ஒரு ஜாங்கிரி. நான் பாதித் தொண்டையில் இருக்கும்போதே அது பின்னால் வந்து நிற்கிறது. அதைத் தடுக்க வேண்டுமா, வழிவிட வேண்டுமா என்றே புரியவில்லை.”

“சர்க்கரை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? அதையாவது சொல்.”

“இறங்கிவிட்டது என்று அவர்தான் சொல்கிறார்.”

இரண்டும் உறைக்குள் கிடந்த சர்க்கரை பார்க்கும் மெஷினைக் கேட்டன.

“எனக்கென்ன தெரியும்? வினிகர் இருக்க விரலில் ஊசி குத்துவது எதற்கு என்று அவர் என்னைத் திறந்தே ஒரு மாதமாகிறது. கால் மரத்துப்போகிறது என்று நேற்று அவர் முனகியது மட்டும் காதில் விழுந்தது.”

“சர்க்கரை ஏறினால்தானே கால் அப்படி மரத்துப்போகும்!” என்றது மாத்திரை அட்டை.

அருமைநாயகம் சார் வந்தார். ஒரு கையில் வினிகர் தம்ளர், மறு கையில் ஜாங்கிரி.

“சார், ஒரே ஒரு விரலை இப்படி நீட்டுங்களேன்” என்றது மெஷின்.