சங்கரியின் இடது கண்

மட்டாஞ்சேரி பஜாரில் சுக்குக் கிடங்குக்கு மேலுள்ள அறையில் நான்கு நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கின்றன. மழை விட்ட வெளிச்சம் சங்கரியின் முகத்தில் விழுகிறது. அவளுடைய இடது கண் அசைவதில்லை. புத்தாண்டுக் கூட்டத்தில் ரயீஸ் எறிந்த பட்டாசு பறித்த கண் அது. பதினாறு வயது ரயீஸ் எதிரே, அப்பா தாவூதின் பக்கத்தில், தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான். தண்டனைக்கு முன் இவர்கள் நேரில் பேசட்டும் என்று சிறார் நீதி வாரியம் அனுப்பிய ஆலோசகர் நான்காவது நாற்காலியில் இருக்கிறார். கீழே ஒரு கைவண்டி கல்லில் உருண்டு போகும் சத்தம் தேய்கிறது. “என்னைப் பாருப்பா,” என்கிறாள் சங்கரி. அவன் நிமிர்கிறான். “அறியாம செஞ்சுட்டேன், சேச்சி.” “கூட்டத்துல எறியறோம்னு அறிஞ்சுதானே எறிஞ்சே?” “ஆமா,” என்கிறான் ரயீஸ். சங்கரி முந்தானையால் இடது கண்ணை ஒற்றுகிறாள். அழுகையா, அந்தக் கண்ணில் எப்போதும் வடியும் நீரா என்று தெரியவில்லை. “எர்ணாகுளத்துல ஹோட்டல் வேலைக்குப் போகணும். படகுத்துறையில படகு எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு இப்ப எனக்குத் தெரியல. தினமும் யார் கையையாவது பிடிச்சுத்தான் ஏறுறேன். நீ வந்து கை கொடுப்பியா?” “வருவான் மோளே,” என்கிறார் தாவூது அவசரமாக. “அவன் சொல்லட்டும், இக்கா,” என்று அவரை நிறுத்துகிறாள் சங்கரி. ரயீஸ் தன் வலது கையைப் பார்க்கிறான். “என் கையைப் பிடிக்க உங்களுக்குப் பயமில்லையா?” “இருக்கு,” என்கிறாள் சங்கரி. “நாளைக்குக் காலைல முதல் படகுக்கு வந்துடு.”