சின்ன டாக்டர் எங்கே?

ராக்காயி மறுபடியும் வந்து நிற்பதைப் பார்த்ததும் பல் டாக்டரின் உதவியாளர் ஷர்மினி எழுந்து முன்னால் வந்தாள்.

"அந்தச் சின்ன டாக்டர் எங்கம்மா? அவங்களத்தான் பாக்கணும்."

காத்திருந்தவர்கள் எல்லோரும் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள். சண்டை வரப்போகிறது.

வராமல் என்ன செய்யும்? போன மாதம் சின்ன டாக்டர் பிரதீபா, ராக்காயியின் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டாள். ஈப்போவின் புந்தோங் பகுதியில் இருக்கும் இந்தப் பல் கிளினிக்கில் அன்றைக்கு ஏகக் கூட்டம். சீக்கிரம், சீக்கிரம் என்று முதலாளியான பெரிய டாக்டர் குலசிங்கம் விரட்டியதில் அவளால் எக்ஸ்ரே படத்தை இன்னொரு தடவை பார்க்க முடியவில்லை.

கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஷர்மினி, "அதுவும் ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க டாக்டர். அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்று காதோடு சொன்னாள்.

பிரதீபா அதற்கு இணங்கவில்லை. முகக்கவசத்தைக் கழற்றினாள். நடந்ததை ராக்காயியிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டாள். ராக்காயி வாயில் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறைத்தால் நாளைக்கு இன்னொருவருக்கும் இதுதான் நடக்கும் என்று, பிரதீபா சுகாதார இலாகாவுக்கும் தெரிவித்தாள்.

குலசிங்கம் மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். ஈப்போவில் வேறு எந்தக் கிளினிக்கும் அவளைச் சேர்க்கவில்லை. விஷயம் அதற்குள் பரவியிருந்தது. இப்போது தைப்பிங்கில் அப்பா வீட்டில் முடங்கிக் கிடக்கிறாள். ஷர்மினி கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டுக் குலசிங்கமே வெளியே வந்தார். அந்தப் பெண்ணை அப்போதே அனுப்பிவிட்டதாகவும், அப்படிப்பட்டவர்களுக்குத் தன் கிளினிக்கில் இடமில்லை என்றும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மிச்சமிருக்கும் சொத்தைப் பல்லைத் தானே எடுத்துவிடுவதாக ராக்காயியை உள்ளே கூப்பிட்டார்.

ராக்காயி உள்ளே போகவில்லை. திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள்.

ஷர்மினி பின்னாலேயே ஓடினாள்.

"கன்னம் இப்படி வீங்கியிருக்கு. கோவத்துல போகாதீங்கம்மா. பெரிய டாக்டர் பாக்கட்டும்லா."

"எனக்கு அந்தப் புள்ள மேல என்ன கோவம்?" ராக்காயி கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். வார்த்தை குழறியது. "போன வருசம் உங்க பெரிய டாக்டரும் நல்ல பல்லத்தான் புடுங்குனாரு. வலி போகலன்னு திரும்பி வந்தேன். பக்கத்துப் பல்லையும் எடுத்துட்டு, வாயே தொறக்காம அனுப்பிட்டாரு. தப்பு நடந்துபோச்சுன்னு எங்கிட்ட சொன்னது அந்தச் சின்னப் புள்ள ஒண்ணுதான். இனிமே அவகிட்டதான் வாயத் தொறக்கணும்னு, இந்த வலியோட வந்தேன்."