பக்கத்து இருக்கை

பயணத்தில் மடிக்கணினியை யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று அலுவலகம் கொடுத்த கறுப்புத் தாள் அது. திரையில் ஒட்டிவிட்டால் நேராக உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எழுத்து தெரியும், பக்கத்து இருக்கைக்கு வெறும் இருட்டு. ஒன்பது வருடமாக நாகர்கோவில் ரயிலில் எட்வினுக்குப் பக்கத்து இருக்கை அவன் மனைவி சுகிர்தாவுடையது. இருவருக்கும் ஒரே கம்பெனிதான். ஆனால் வெளியாள் கணக்கில் மனைவியும் சேர்த்தி. கழிப்பறைக்குப் போனால்கூடத் திரையைப் பூட்டாமல் எழமாட்டான்.

இன்று மேலாளர் போனில் கூப்பிட்டதும் அப்படியே திறந்து வைத்துவிட்டுப் பெட்டியின் வாசலுக்கு ஓடினான். ஜன்னலோரம் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க அவன் இருக்கைக்கு நகர்ந்தாள் சுகிர்தா. இருட்டு விலகியது. வேலையை விட்டு அனுப்பப்படுகிறவர்களின் பட்டியல். பதினேழாவது பெயர் அவளுடையது. பரிந்துரைத்தவர் என்ற கட்டத்தில் எட்வின்.

அவள் தன் இருக்கைக்கே திரும்பிவிட்டாள். திரை மறுபடி இருண்டது. அதில் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்தவன் பூட்டாத திரையைக் கண்டு அவசரமாகப் பூட்டினான்.

"யாராவது எட்டிப் பாத்தாவளா, சுகி?"

"ஒருத்தரும் பாக்கல."

"நல்லவேள," என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "வெளிய தெரிஞ்சா என் வேல போயிரும்."