நேற்றும் இங்கேதான்

காட்டோரத்துத் தனி வீடு ஒன்றில் செவலை என்றொரு நாய் இருந்தது. வீட்டுக்காரி வெள்ளையம்மா வயலுக்குப் போனால், வேப்பமரத்துத் தூளியில் தூங்கும் பிள்ளைக்குச் செவலைதான் காவல்.

ஒருநாள் எதிர்க் கரட்டு மேட்டில் ஓர் ஓநாய் வந்து உட்கார்ந்தது. செவலை தொண்டை கிழியக் குரைத்தது.

"அது பாட்டுக்கு உக்காந்திருக்கு, உனக்கு என்ன வந்துச்சு?" என்று அதட்டினாள் வெள்ளையம்மா.

நாலு நாள் கழித்து ஓநாய் கிணற்றடியில் இருந்தது.

"ஏன் இங்க வந்தே?" என்று கேட்டது செவலை.

"நேத்தும் இங்கதானே இருந்தேன்" என்றது ஓநாய், கொட்டாவி விட்டபடி.

இருந்தாலும் இருந்திருக்கும் என்று செவலைக்குத் தோன்றியது.

பிறகு ஓநாய் வேலிப் படலுக்கு வெளியே படுத்தது. அப்புறம் படலுக்கு உள்ளே. கேட்டால் அதே பதில்தான். செவலை கேட்பதையே விட்டுவிட்டது.

ஒரு மத்தியானம் குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய செவலை, படலருகே அப்படியே நின்றுவிட்டது. தூளிக்கு அடியில், செவலை வழக்கமாகப் படுக்கும் பள்ளத்தில், ஓநாய் படுத்திருந்தது. வெள்ளையம்மா நிமிர்ந்தும் பாராமல் அதன் முன்னால் கூழை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

செவலை பதறிக் குரைத்தது. ஓநாயும் எழுந்து குரைத்தது, அச்சு அசலாகச் செவலையின் குரலில்.

வெள்ளையம்மா படலை இழுத்துச் சாத்திவிட்டுக் கல்லை எடுத்தாள்.

"நான் நேத்தும் இங்கதானே இருந்தேன்" என்றது செவலை. அவளுக்கு அது ஊளையாகத்தான் கேட்டது. கல் விலாவில் வந்து விழுந்தது.

பிறகு அவள் ஓநாயின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"பிள்ளையைப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டு வயலுக்குக் கிளம்பினாள்.