மன்றாட்டு நேரத்தில ஒரு பாட்டு

"திரும்பவும் போட்டுட்டான்!" முழங்காலில நிண்டபடியே அருள்நேசன் பல்லைக் கடிச்சார்.

மோர்டனில அவற்ற வீட்டு ஹோலில ஒக்ரோபர் மாதச் செபமாலை. மணியெல்லாம் உருட்டி முடிஞ்சு, மன்றாட்டு நடக்குது. வந்த சனம் முழுக்க முழங்காலில. பாப்பரசருக்கு, உலக சமாதானத்துக்கு, ஆற்றையோ விசாவுக்கு, டிலக்சனாவின்ர டிரைவிங் ரெஸ்டுக்கு எண்டு அவர் கேட்டுக்கொண்டே போக, பக்கத்து வீட்டுச் சுவர் அதிரத் தொடங்கிச்சுது. கிற்றாரைப் போட்டு அந்த வெளு வெளுக்கிறாங்கள்.

அருள்நேசன் குரலை உயர்த்திப் பாத்தார். பாட்டும் உயர்ந்துது.

வேற வழியில்லாமல் "ஆமென்" எண்டார். சனம் மளமளவெண்டு எழும்பிச்சுது. சனத்திலயே வயசான செபமாலைமுத்து அண்ணையும் ஒரு மாதிரிச் சோபாவைப் பிடிச்சு எழும்பினார்.

"என்ன சனியன் பிடிச்ச பாட்டு இது?"

"பொப் பங்க், அப்பா," எண்டாள் மகள் ஷெறோன். "நைன்ரீஸ் பான்ட் ஒண்டின்ர பெரிய ஹிட். நல்ல பாட்டு."

"பங்கோ பிசாசோ! ஒவ்வொரு நாளும் சரியா மன்றாட்டு நேரம் பாத்துப் போடுறான். எங்கட சமயத்தை நக்கலடிக்கிறான். கவுன்சிலுக்குப் போன் அடிக்கப்போறன்."

தேத்தண்ணித் தட்டோட வந்த மனிசி டொலறஸ் பதறிப்போனா.

"ஐயோ, வேண்டாமப்பா. முறைப்பாடு போனால் வீட்டுச் சொந்தக்காரன் அந்தப் பெடியனை வீட்டை விட்டே எழுப்பிப்போடுவான்."

"நல்லா எழுப்பட்டும்! முதல்ல மூஞ்சைக்கு நேர கேட்டுட்டு வாறன்."

பக்கத்து வீட்டுக்குப் போய் மணியை அமத்தினார். கதவைத் திறந்த வெள்ளைக்காரப் பெடியன் கெவின்ர காது ரெண்டிலயும் பஞ்சு.

"எங்கட செபத்தைக் குழப்ப உனக்கு என்ன துணிவு?" அருள்நேசன் இங்கிலிசில பாய்ஞ்சார்.

கெவின் பஞ்சை இழுத்தெடுத்தான்.

"நான் என்ன செய்ய? உங்கட மனிசிதான் கேட்டவ. சுவரில தட்டுவா, நான் போடுவன்."

அருள்நேசன் திரும்பித் தன்ர வீட்டு யன்னலைப் பாத்தார்.

"உங்கட வீட்டுக்கு வயசான ஒருத்தர் வாறவராம். முழங்காலில ஒப்பரேசன் செய்தவராம். நீங்கள் முடிக்காமல், மரியாதைக்கு அவர் எழும்ப மாட்டாராம். பாவம், நோவில துடிக்கிறாராம்."

செபமாலைமுத்து அண்ணை! அருள்நேசனுக்கு முகம் கறுத்துப்போச்சு.

"அதை அவ என்னட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னவவாம். நீங்கள் உடனே அந்த முழங்காலுக்கெண்டு இன்னுமொரு நீட்டு மன்றாட்டுக் கூட்டினனீங்களாம்."